இளமையில் இடுப்பு மூட்டுவாதமும் சத்திரசிகிச்சைத் தெரிவும்

நிற்றல், நடத்தல், இருத்தல், எழுதல் என்னும் நாற்றொழிலுக்கும் அச்சாணியாய் அமைந்தது இடுப்பு மூட்டு. அது செவ்வையாய் இயங்குங்காறும் அஃதொன்று உண்டென்ற நினைவே நமக்கு எழுவதில்லை. அது பழுதுற்ற அன்றுதான், படலையைத் திறந்து வீதிக்கு வருவதும், மிதிவண்டியில் ஏறுவதும், கோயில் வாயிலில் வீழ்ந்து வணங்குவதும் எத்துணைப் பெருங் காரியங்கள் என்பது புலனாகும்.

மூட்டுவாதம் முதுமையின் நோய் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். இருபதிலும் முப்பதிலும் உள்ளோர் இடுப்பு நோவுற்று நொண்டி நடக்கக் கண்டால், ‘சுளுக்கு’ என்றும் ‘வாய்வு’ என்றும் சொல்லிப் புக்கை கட்டுவதோடு அமைந்து விடுகின்றோம். ஆயின் இந்நோய் இளையோரையும் பற்றும். பற்றும்போது முதியோருக்கு எழாத வினா ஒன்று அவர்க்கு எழும். எழுபது வயதினர்க்கு ஒரு செயற்கை மூட்டு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாதல் கூடும். முப்பது வயதினர்க்கோ இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எஞ்சியுள்ளன. எந்தச் சிகிச்சையை, எப்பொழுது கொள்வது என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியர் கூறும் முடிவுக்கு மாறாக நின்று வாதிடுவது நம் கருத்தன்று. அம்முடிவில் நோயாளரும் அறிவோடு பங்குகொள்ளல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இத்தகைய பொருளைத் தமிழில் எழுதலாமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று சொல்வோம். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘இரண வைத்தியம்’ 1867ஆம் ஆண்டிலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872ஆம் ஆண்டிலும் தமிழில் வெளிவந்தன. என்புக்கும் மூட்டுக்கும் தமிழ்ச் சொல் தேடிய பணி இம்மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது. அவ்வழியில் நாமும் சிறிது தூரம் நடப்போம்.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு, பந்து கிண்ண மூட்டு வகையைச் சார்ந்தது. தொடை என்பின் தலை பந்தாகவும், இடுப்பென்பிலுள்ள குழி கிண்ணமாகவும் அமைந்து, இரண்டின் மேற்பரப்பையும் வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கின்றது. அக்கசியிழையம் தேய்ந்தோ அரிக்கப்பட்டோ போகுமிடத்து என்போடு என்பு உராயும். நோவும், விறைப்பும், கால் குறுகலும் பின்தொடரும்.

பௌதிகம் பயிலும் மாணவர் இம்மூட்டை ஒரு நெம்புகோலாகக் காண்பாராக. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலின் பாரம் மூட்டுக்கு ஒரு புறத்தே தொங்குகின்றது. மறுபுறத்தே பிட்டத் தசைகள் அதனை இழுத்துச் சமன் செய்கின்றன. தசையின் பக்கத்துக் கை குறுகியதாதலின், தசை பெருவிசையோடு இழுக்க நேரிடுகின்றது. ஆகவே, நடக்கும்போது மூட்டில் விழும் சுமை உடற்பாரத்தின் இரண்டரை, மூன்று மடங்காகின்றது. உடலிற் குறையும் ஒரு கிலோ, மூட்டிற் பல கிலோவாகக் குறையும் என்பது இதனாற் பெறப்படும். ஊன்றுகோலை நோவுள்ள பக்கத்துக் கையிலன்றி எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடித்தல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். அக்கை மூட்டிலிருந்து தொலைவில் இருப்பதால் சிறிது ஊன்றினும் பெரும் பயன் விளையும். நம் வீதிகளிற் பலர் இதனை மாறிச் செய்வதைக் காண்கின்றோம்.

இளமையிற் பற்றுங் காரணங்கள்

காரணம் அறியாது சிகிச்சை தேர்தல் இயலாது. முடக்குவாதம், உடலின் காப்பு முறையே தன் மூட்டுகளைப் பகைத்துத் தாக்கும் நோய். பெண்களை மிகுதியாகப் பற்றுவது. முள்ளந்தண்டை இறுகச் செய்யும் வாதமொன்று இளைஞரைப் பற்றி இடுப்பையும் முடக்கும். தொடை என்பின் தலைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு என்பு இறந்துபடுதல் மற்றொன்று; அளவு மிகுந்த ஸ்ரீரொயிட்டு மருந்தும் மதுவும் அதற்கு ஏதுவாதலுண்டு. பிறவியிலே கிண்ணம் ஆழமின்றி அமைதல், குழந்தைப் பருவத்திலே மூட்டிற் சீழ் பிடித்தல், விபத்திலே மூட்டு விலகல் அல்லது உடைதல் என்பன ஏனைய காரணங்கள்.

இவற்றுள் முடக்குவாதத்துக்கு மெதோற்றெக்சேற்று முதலிய மருந்துகள் உண்டு. அண்மைக் காலத்தில் உயிரியல் மருந்துகளும் வந்துள்ளன. நோய் தொடங்கிய காலத்திலேயே அவற்றை முறையாகக் கொண்டால், மூட்டு அழியாது காக்கப்படுதல் கூடும். சத்திரசிகிச்சை பற்றிய முதற் பாடமே, அது வேண்டாதபடி காத்தல் என்பதாம்.

செயற்கை மூட்டின் வரலாறு

1890ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் தெமிஸ்டொக்கிளீஸ் குளுக் என்பார் யானைத் தந்தத்தினால் மூட்டுகளை அமைத்தார். 1923இல் பொஸ்ரன் நகரத்து ஸ்மித்-பீற்றர்சன் தொடை என்பின் தலைக்குக் கண்ணாடிக் கவசம் இட்டார், கண்ணாடி உடைந்தது. பின்னர் 1938இல் உலோகக் கலவையாற் செய்த கவசத்தைக் கையாண்டார்.

ஆசியாவும் இவ்வரலாற்றில் வாளா இருந்ததில்லை. பர்மாவின் மண்டலே நகரில் வைத்தியர் சான் போ 1960 முதல் யானைத் தந்தத்திற் கடைந்த தொடைத் தலையை, தொடைக் கழுத்து முறிந்து பொருந்தாத நோயாளர்க்குப் பொருத்தி வந்தார். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறு சிகிச்சை பெற்றனர். குந்தியிருக்கவும் மிதிவண்டி ஓட்டவும் வல்லராதலே அவர் தம் நோயாளரிடம் எதிர்பார்த்த பயன். நம்மவர் வாழ்க்கைக்கும் அதுவன்றோ அளவுகோல்!

இக்காலச் சிகிச்சைக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையிற் பணியாற்றிய யோன் சார்ன்லி. சிறிய உலோகத் தலையும், உராய்வு குறைந்த பிளாத்திக்குக் கிண்ணமும், என்போடு அவற்றைப் பிணிக்கும் அக்கிரிலிக்குச் சீமெந்தும் அவர் கண்ட வழி. முதலில் அவர் தெப்லோன் என்னும் பொருளாற் கிண்ணஞ் செய்தார். நோயாளர் நோவின்றி நடந்தனர்; யாவரும் மகிழ்ந்தனர். ஆயின் சில ஆண்டுகளுள் தெப்லோன் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள இழையத்தைக் கெடுத்தன. ஏறக்குறைய முந்நூறு நோயாளர்க்கு அதனைப் பொருத்தியிருந்த சார்ன்லி அத்தவற்றை மறைத்தாரல்லர். தெப்லோன் துகளையும் புதிய பொருளின் துகளையும் தம் தொடையிலேயே செலுத்தி வேறுபாட்டைச் சோதித்தார். 1962 நவம்பரில் அடர்த்தி மிக்க பொலியெதிலீன் கிண்ணத்தைக் கையாளத் தொடங்கினார். அதுவே உலகெங்கும் பரவிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இளையோர் கொள்ளத்தக்கது இதுவே: ஒரு மூட்டின் நலந்தீங்குகள் முதலாண்டிலே தெரிவதில்லை. அது பத்தாண்டும் இருபதாண்டும் நின்று காட்டல் வேண்டும்.

தெரிவுகள் நான்கு

முதலாவது, என்பை வெட்டித் திருத்துதல். கிண்ணம் ஆழமின்றி அமைந்தவர்க்கு, கசியிழையம் இன்னும் பெரிதுங் கெடாத நிலையில், கிண்ணத்தைச் சுற்றியுள்ள என்பை வெட்டித் திருப்பிப் பொருத்துவர். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் றைன்ஹோல்ட் கான்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1984இல் இம்முறையைத் தொடங்கினர். தன் மூட்டைத் தானே வைத்துக்கொள்ளும் பேறு இதன் சிறப்பு. காலந் தாழ்த்தியவர்க்கும், முடக்குவாதத்தாற் கசியிழையம் எங்கும் அரிக்கப்பட்டவர்க்கும் இது பயன்படாது.

இரண்டாவது, மூட்டை அசையாது ஒட்டிவிடுதல். நோவு நீங்கும், பாரந் தூக்கும் தொழிலாளியும் உழைக்கலாம். ஆயின் குந்துதலும் சம்மணமிடுதலும் இல்லையாகும். ஆண்டுகள் செல்ல, முதுகும் முழங்காலும் மறு இடுப்பும் அந்த மூட்டின் வேலையையுஞ் சேர்த்துச் செய்து நோவுறும். பல மூட்டுகள் நோயுற்றவர்க்கு இது ஆகாது. இந்நாளில் அரிதாகவே செய்யப்படுகின்றது.

மூன்றாவது, மேற்பரப்பு மாற்றம். தொடை என்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எறியாது, தலையின் மேற்பரப்பை மட்டும் செதுக்கி உலோகத் தொப்பி அணிவித்தல். கிண்ணத்துக்கும் உலோகமே. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் டெரெக் மக்மின் 1991இல் இதனைப் புதுமுறையிற் செய்யத் தொடங்கினார். ‘பேர்மிங்காம்’ மூட்டு 1997இல் வந்தது. தொடை என்பு பெரும்பாலும் எஞ்சுதலும், தலை இயற்கையான பருமனோடு இருத்தலால் மூட்டு எளிதில் விலகாமையும் இதன் நயங்கள். குந்தியும் சம்மணமிட்டும் வாழும் கீழைத்தேயத்தார்க்கு இவை எத்துணைக் கவர்ச்சி உடையன என்பது வெளிப்படை. சென்னையில் விஜய் போஸ் முதலிய நிபுணர்கள் இதனைச் செய்தனர். அமெரிக்காவில் இம்மூட்டுக்கு அனுமதி கிடைத்தது 2006 மே மாதத்திலேயாதலால், அதற்கு முன்னர் அந்நாட்டாருஞ் சென்னைக்கு வந்தனர்.

ஆயின் உலோகத்தோடு உலோகம் உராய்தலின், கோபாற்று, குரோமியம் என்பனவற்றின் நுண்டுகள்களும் அயன்களும் குருதியிற் கலக்கும். சிலர்க்கு மூட்டைச் சூழ்ந்த தசை அழியும். அவ்வயன்களை வெளியேற்றுவது சிறுநீரகமாதலின், சிறுநீரக நோயுடையார்க்கு இது தகாது. அவை கருப்பையிலுள்ள குழவியையும் அடைவதால், பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. சிறிய அளவுத் தலைகள் மிகுதியாகப் பழுதுற்றமையால், பேர்மிங்காம் மூட்டைச் செய்யும் நிறுவனமே 2015இல் சிறிய அளவுகளை மீளப்பெற்றுக்கொண்டு, பெண்களுக்கு அதனைப் பயன்படுத்த வேண்டாமென்றும் அறிவித்தது. வலிய என்பும் பெரிய தலையும் உடைய இளம் ஆடவர்க்கே, அனுபவம் மிக்கவர் கையில், இஃது இன்று எஞ்சியுள்ள தெரிவு.

நான்காவது, முழு மூட்டு மாற்றம். தொடை என்பின் தலையை நீக்கி, அவ்வென்பின் உள்ளே தண்டொன்றைச் செலுத்தி அதன்மேல் புதுத் தலையைப் பொருத்துவர், கிண்ணமும் புதிது. இளையோர்க்குப் பெரும்பாலும் சீமெந்தின்றி, என்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ளும் தைத்தேனியத் தண்டு இடப்படுகின்றது. பழைய பொலியெதிலீனிலிருந்து உதிர்ந்த துகள்கள் என்பைக் கரைத்து மூட்டைத் தளரச் செய்தன. கடந்த நூற்றாண்டின் இறுதியில் வந்த, குறுக்குப் பிணைப்பு மிக்க பொலியெதிலீன் மிகக் குறைவாகவே தேய்கின்றது. பிரான்சில் 1970இல் பியர் பூத்தன் தொடங்கிய பீங்கான் மூட்டும் தேய்வு மிகக் குறைந்தது. ஆயின் சிலர்க்கு நடக்கும்போது கிரீச்சென ஒலிக்கும், அரிதாக உடையவுங் கூடும். பீங்கான் தலையோடு புதிய பொலியெதிலீன் கிண்ணம் சேர்ந்த மூட்டே இளையோர் பலர்க்கு இன்று இடப்படுகின்றது.

புதுமை தந்த பாடம்

ஏ.எஸ்.ஆர். என்னும் பெயரால் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்பியூ நிறுவனம் ஓர் உலோக மூட்டை விற்றது. புதியது, இளையோர்க்கு உகந்தது என்று அது போற்றப்பெற்றது. மூட்டுப் பதிவேடு வைத்திருந்த அவுஸ்திரேலியாவிலே அதன் பழுது முதலிற் கணக்கில் அகப்பட்டது. 2010 ஓகஸ்டில் உலகமெங்கும் அது மீளப்பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேர்க்கு அது பொருத்தப்பட்டாயிற்று. ஐந்தாண்டுகளுள் நூற்றுக்கு 12, 13 பேர் மறு சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர் என்று பிரித்தானியப் பதிவேடு காட்டிற்று.

இந்தியாவில் ஏறக்குறைய 4,700 மூட்டுகள் இடப்பட்டிருந்தன. எவர்க்கு இடப்பட்டது என்று தேடுவதே பெரும்பாடாயிற்று. 2017இல் இந்திய அரசு நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. 2018இல் 30 இலட்சம் முதல் 1 கோடியே 23 இலட்சம் ரூபா வரை ஈடு வழங்கும் முறை வகுக்கப்பட்டது. பணம் ஈடாகலாம், கரைந்த என்பு மீள்வதில்லை. புதியது என்பது ஒன்றே நல்லது என்பதற்குச் சான்றாகாது என்பதையும், பதிவேடு என்பது வெறுங் கணக்கன்று, உயிர்க்காவல் என்பதையும் இந்நிகழ்ச்சி நிலைநாட்டிற்று.

இருவர் நிலை

தெளிவின்பொருட்டு இருவரைக் கற்பனை செய்வோம். ஒருவர் முப்பத்தைந்து வயதுத் தோட்டக்காரர், விபத்தொன்றில் ஓர் இடுப்புப் பழுதுற்றது, ஏனைய மூட்டுகள் நல்லன, என்பு வலிது. அவர்க்கு மேற்பரப்பு மாற்றம், முழு மாற்றம் என்னும் இரண்டும் ஆராயத்தக்கன. மற்றவர் இருபத்தொன்பது வயது ஆசிரியை; பத்தாண்டுகளாக முடக்குவாதம்; இரு இடுப்பும் அரிக்கப்பட்டன; மருந்தினாலும் நோயினாலும் என்பு மெலிந்துளது; திருமணமும் மகப்பேறும் இனிமேல். அவர்க்கு முதல் மூன்று தெரிவும் பொருந்தா. முழு மூட்டு மாற்றமே வழி. செயற்கை இடுப்பு மகப்பேற்றுக்குத் தடையன்று என்பதை இங்கே அழுத்திக் கூறுதல் வேண்டும். முன்னவர்க்கு நன்மை செய்த மூட்டைப் பின்னவரும் கேட்பாராயின் அது கேடாய் முடியும். அயலவர்க்குச் செய்தது நமக்கும் ஆகும் என்பது உடுப்புக்குப் பொருந்தலாம்; உடம்புக்குப் பொருந்தாது.

முடக்குவாதமுடையார்க்கு மேலும் இரண்டு செய்திகள். கழுத்தென்பு தளர்ந்திருத்தல் கூடுமாதலால், மயக்க மருந்து கொடுக்குமுன் கழுத்தையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் நன்று. அவர்கள் கொள்ளும் மருந்துகளுள் எதனைத் தொடர்வது, எதனைச் சிலகாலம் நிறுத்துவது என்பதை வாத நோய் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். தாமாக நிறுத்தலாகாது.

எப்பொழுது?

‘அறுபது வயது வரை பொறுத்திரு’ என்பது பழைய அறிவுரை. அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2017இல் ‘லான்செற்’ ஏட்டில் வந்த ஆய்வின்படி, எழுபது வயதின் பின் மூட்டு மாற்றினோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர்க்கே வாழ்நாளில் மறு சத்திரசிகிச்சை நேரும். ஐம்பதுகளின் தொடக்கத்திலுள்ள ஆடவருக்கோ அது நூற்றுக்கு 35 வரை உயரும். முப்பதில் மாற்றுவோர்க்கு அது மேலும் கூடும் என்பதை யாரும் உய்த்துணர்வர். ஒவ்வொரு மறு சிகிச்சையும் முன்னையதிலும் கடினம். ஒவ்வொன்றிலும் சிறிது என்பு குறையும். முதலை அழித்து வட்டி உண்ண விரும்பாத யாழ்ப்பாணத்தார்க்கு, என்பு முதல் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயின் இவ்வுவமைக்கு மறுபக்கமும் உண்டு. இளமையும் ஒரு முதலே. நோவோடு பத்தாண்டு கிடந்தவர்க்குத் தசை மெலியும். மூட்டு கோணலாய் இறுகும். முதுகும் முழங்காலும் கெடும். படிப்பும் தொழிலும் கைநழுவும். அறுபதிற் கிடைக்கும் நல்ல மூட்டு, முப்பதில் இழந்த வாழ்வைத் தருவதில்லை. 2019இல் அதே ஏட்டில் வந்த மற்றோர் ஆய்வு, மாற்றிய இடுப்புகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 இருபத்தைந்து ஆண்டு நிலைக்கும் என்று காட்டிற்று. அவை பெரும்பாலும் பழைய பொருள்களாற் செய்யப்பட்டவை. ஆதலின், இக்காலத்து அளவுகோல் வயதன்று. நோவின் அளவும், இழக்கும் வாழ்வின் அளவுமே. இரவில் உறக்கங் கெட்டு, மருந்தும் பயிற்சியும் பயனற்று, தொழில் நின்றுபோகும் நிலை எய்தினால், வயது குறைவு என்ற ஒன்றையே காரணமாக்கி ஒருவரை வருத்துதல் முறையன்று.

வீட்டார்க்கு ஒரு சொல்

மகளின் நோயை மறைத்தால் மணம் எளிதாகும் என்று எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோர் உளர். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் பணம் அனுப்பும்போது, எங்கே, எந்த மூட்டு என்ற முடிவையும் உடன் அனுப்புவதுண்டு. அன்பினாற் செய்வதே எனினும், அம்மூட்டோடு ஐம்பதாண்டு வாழப்போகின்றவர் நோயாளரே. அவர் வாயில் வரும் சொல் முதலிற் கேட்கப்படுதல் வேண்டும்.

சிகிச்சையின் பின் சில காலமேனும், தாழக் குனிதலும், கால்மேற் கால் இடுதலும், குந்துதலும் மூட்டை விலகச் செய்யலாம். ஆதலால் பாய்க்குப் பதிலாகக் கட்டிலும், உயர்ந்த கதிரையும், இருக்கையுள்ள மலசலகூடமும் வீட்டில் முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். வீழ்ந்து வணங்க இயலாதார் நின்று கைகூப்பினும் இறைவன் ஏற்பான்.

வைத்தியரிடம் செல்லுமுன் வினாக்களை எழுதிக்கொண்டு செல்க. என் நோயின் காரணம் யாது? என் மூட்டைக் காக்க இன்னும் வழியுண்டா? இம்மூட்டின் பெயர் என்ன. பதிவேடுகளிற் பத்தாண்டுக் கணக்கு உண்டா? இச்சிகிச்சையைத் தாங்கள் ஆண்டுக்கு எத்தனை பேர்க்குச் செய்கின்றீர்கள்? மூட்டை நாமே வாங்கித் தரல் வேண்டுமா? மறு சிகிச்சை நேரின் என் செய்வது? இவற்றைக் கேட்டலால் நல்ல வைத்தியர் வெகுளார். சிகிச்சை முடிந்தபின், மூட்டின் பெயரும் இலக்கமும் பொறித்த சீட்டைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்க.

முடிவுரை

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவனை முதலில் வைத்து, மருத்துவனையும் மருந்தையும் உடனிருந்து உதவுவோனையும் அதன்பின் வைத்தது. அவ்வைப்புமுறை ஆழ்ந்து எண்ணத்தக்கது. மருந்து மாறும், மூட்டின் பொருளும் தந்தத்திலிருந்து தெப்லோனாகவும், தெப்லோனிலிருந்து பீங்கானாகவும் மாறும். நோயாளர் முதற்கூறு என்பது மாறாது.

இம்மலரைக் கையிலேந்தும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் பொறியியலாளராவர், சிலர் ஆசிரியராவர். நோயாளர்க்கு அவர்தம் மொழியிலே விளக்கிக் கூறும் வைத்தியரும், இடப்பட்ட ஒவ்வொரு மூட்டையும் தவறாது பதியும் ஒழுங்கும், நொண்டி வரும் மாணவனுக்கு மாடி ஏறாத வகுப்பறையை ஒதுக்கும் ஆசிரியரும் நம் கல்லூரியிலிருந்து தோன்றுவராயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த பயனாகும்.